மங்களவிலாஸில் பெண் பார்த்த கதை

போன வாரம் என் அக்காவோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். துவரம் பருப்பு வாங்க.

பருப்பை எடுத்துக்கொண்டு திரும்பினால் அக்காவைக் காணோம். தேடிப் போனால், ஷாம்பு அடுக்கியிருக்கும் வரிசையின் நடுவில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். குலுங்கிக் குலுங்கி.

கடையில் வேலை பார்க்கும் பெண் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள்.

"மேடம்... என்ன வேணும் மேடம்?"

"ஒண்ணும் வேணாம்மா. இந்த எடத்துலதான் எனக்குக் கல்யாணம் முடிவாச்சு."

அந்தப் பெண் ஷாம்புவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள் — 'கூட வந்தவங்க நீங்கதானே, பத்திரமா கூட்டிட்டுப் போங்க' என்கிற மாதிரி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஸ்ரீரங்கத்தில் ரயில்வே லைனை ஒட்டியிருக்கும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் மங்களவிலாஸ் டாக்கீஸ் என்று ஒரு தியேட்டர் இருந்தது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பேட்டைக்காரர்களுக்கே மறந்துகொண்டு வருகிறது.

மங்களவிலாஸைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. நாற்காலிகளில் மூட்டைப்பூச்சி. ஃபேன் போட்டால் காற்று வராது, சத்தம் மட்டும் வரும். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். எல்லாவற்றுக்கும் மேலே — ரயில். படத்தில் முக்கியமான வசனம் வரும்போதெல்லாம் சொல்லி வைத்த மாதிரி ஒரு ரயில் தடதடவென்று கடந்து போகும். கதாநாயகி யாருடைய மகள் என்கிற ரகசியத்தைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரே படத்துக்கு மறுபடியும் போக வேண்டியிருக்கும். அப்போதும் ரயில் வரும்.

ஆனால் மங்களவிலாஸில் ஒரு மைக் இருந்தது. அந்த மைக்குக்குப் பின்னால் மேனேஜர் தங்கவேலு இருந்தார்.

பெரிய மீசை, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். மேடைப் பேச்சாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, தியேட்டர் மேனேஜராக ஆனவர். மேடை கிடைக்காத குறையை எங்கள் தலையில் தீர்த்துக்கொண்டார். படம் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் அவர் குரல்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! சித்திரை வீதியிலிருந்து வருகை தந்திருக்கும் கோமதி அம்மாள் அவர்களே! தங்கள் இல்லத்துக்கு விருந்தினர் வந்து வாசலில் காத்திருக்கின்றனர். சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டுத் தாங்கள் தொடர்ந்து படத்தைக் கண்டு களிக்கலாம்!"

கோமதி அம்மாள் சாவியை அனுப்பிவிட்டு உட்கார்ந்தே இருப்பார். விருந்தாளி எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். போன சீன் திரும்பி வருமா?

சரி, இந்த இடத்தில் அக்காவின் கல்யாணம் எப்படி வந்தது?

மல்லிகா அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். நான் காலேஜில் முதல் வருடம். அப்பாவுக்குப் பெரிய கடை வீதியில் பாத்திரக்கடை. இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, அக்கா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே தட்டுல கேசரியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்ப்பா. நான் என்ன ஓட்டல் சப்ளையரா?"

"அப்ப கோயில்ல வச்சுப் பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா.

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் கோயிலின் சைஸ் உங்களுக்குத் தெரியுமல்லவா? முசிறியிலிருந்து ஒரு பையன் வீட்டார் வந்தார்கள். 'சந்நிதி வாசலில் நிற்கிறோம்' என்று பேச்சு. எந்தச் சந்நிதி என்பதை யாரும் பேசிக்கொள்ளவில்லை. நாங்கள் தாயார் சந்நிதி வாசலில். அவர்கள் சக்கரத்தாழ்வார் சந்நிதி வாசலில். நடை சாத்தும் வரை நின்றுவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம். புண்ணியம் கிடைத்தது. மாப்பிள்ளை கிடைக்கவில்லை.

அடுத்த வரன் லால்குடி. பையன் பெயர் செல்வராஜ். சொந்தமாக உரக்கடை. இந்தத் தடவை அப்பா தெளிவாக இருந்தார்.

"மங்களவிலாஸ். ஞாயித்துக்கிழமை மேட்னி. இன்டர்வெல்ல சோடாக் கடைகிட்ட நிப்பாங்க. பையன் நீலச் சட்டை. இதுல யாரும் வழி தவற முடியாது."

இன்டர்வெல் வந்தது. சோடாக் கடைக்கு முன்னால் நீலச் சட்டையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம். சுருட்டை முடி. பன்னீர் சோடாவை உடைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். அடேயப்பா, சோடா குடிப்பதில்கூட ஒரு அழகு உண்டா என்று எனக்கே தோன்றியது. அக்கா பார்த்தாள். தலையைக் குனிந்தாள். மறுபடி பார்த்தாள்.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. மிச்சப் படம் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மைக் வேலை செய்யாததால் அன்று அவருக்கும் வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "என்னம்மா சொல்ற?"

"உங்க இஷ்டம்ப்பா" என்றாள் அக்கா. அந்தக் காலத்து அகராதியில் அதற்கு 'சரி' என்று பொருள். முகம் சிவந்திருந்தால் 'ரொம்பச் சரி'.

லால்குடியிலிருந்தும் 'சம்மதம்' என்று ஆள் வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். வீடு நிறைய உறவு. வாசலில் பந்தல். பட்டுப்புடவையில் அக்கா வந்து நமஸ்காரம் செய்து நிமிர்ந்தாள். எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

உயரம் இல்லை. சுருட்டை முடி இல்லை. சொல்லப்போனால் முடியே சுமாராகத்தான் இருந்தது. மூக்குக் கண்ணாடி வேறு.

அக்கா அப்பா பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா... இவர் இல்லப்பா."

"எவர் இல்ல?"

"மாப்பிள்ளை."

"மாப்பிள்ளை இவர்தாம்மா!"

"நான் பாத்தவர் இவர் இல்லப்பா."

அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. பாத்திரக்கடையில் பேசிப் பழகிய தொண்டை. 'மாப்பிள்ளை இவர்தாம்மா' என்றது பந்தல் வரை கேட்டுவிட்டது. சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

செல்வராஜின் அம்மா எழுந்துவிட்டார்.

"என்னங்க இது? எம் புள்ளையப் பாத்துப் பிடிச்சுப் போயித்தானே சம்மதம் சொன்னீங்க? இப்ப சபையில வச்சு இவர் இல்லேன்னா என்னங்க அர்த்தம்? ஒண்ணு, தட்டு மாத்துங்க. இல்லேன்னா நாங்க கிளம்புறோம்."

இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நிச்சயதார்த்தம் நின்று போன பெண் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் எல்லா மாப்பிள்ளை வீட்டு வாசலிலும் போய் நின்றுவிடும். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள். 'சரி, தட்டை மாத்திக்குங்க' என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்ல மாட்டாளோ என்றும் பயமாக இருந்தது.

அந்த மூக்குக் கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"அம்மா, கொஞ்சம் இரு. தப்பு எம் பேர்லயும் இருக்கு. அன்னைக்கு பஸ்ல ஒருத்தரு வெத்தல எச்சியத் துப்பி என் நீலச் சட்டை வீணாப் போச்சு. இந்த ஊர்ல இருக்குற எங்க சித்தப்பா மகனோட மஞ்சள் சட்டையத்தான் போட்டுக்கிட்டு வந்தேன். அதுவும் போக... நானும் இவங்களப் பாக்கல. சோடா வாங்க க்யூவுல நின்னேன், கரண்ட் போயிடுச்சு."

"அடப்பாவி! அப்ப ஏன்டா சரின்னு சொன்ன?"

"நீதானம்மா 'பொண்ணு லட்சணமா இருக்கா, தலைய ஆட்டு'ன்ன. ஆட்டினேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இப்ப இவங்க சரின்னு சொன்னாலும் இந்தக் கூட்டத்துக்குப் பயந்து சொன்னதாத்தாங்க இருக்கும். வேணாங்க. இவங்க நிதானமா யோசிக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை அதே மேட்னிக்கு நான் வந்து உக்காந்திருப்பேன். சம்மதம்னா வரட்டும். இல்லேன்னா வராம இருக்கட்டும். நான் படத்தப் பாத்துட்டு ஊருக்குப் போயிடுறேன். ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை. அவருடைய அம்மா மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "ஆக்கின சாப்பாட்ட ஏன் வீணாக்கணும்?" என்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார். நியாயம்தானே?

அந்த வாரம் முழுக்க அக்கா யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் தலை வாரிக்கொண்டாள். பூ வைத்துக்கொண்டாள்.

"எங்கக்கா?"

"சினிமாவுக்கு."

"அந்தப் படத்தத்தான் பாத்தாச்சே!"

"பாதிதானே பாத்தோம். மீதிக் கதை தெரிய வேணாமா?"

மங்களவிலாஸில் அன்றைக்கு நல்ல கூட்டம். நானும் அக்காவும் அம்மாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். அப்பா ஆண்கள் பக்கம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. கடனாளி மாதிரி இருந்தார். படம் ஆரம்பித்துவிட்டது. இருட்டில் எவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

அதே பிரச்சினைதான் செல்வராஜுக்கும். பெண் வந்தாளா, இல்லையா? எப்படித் தெரிந்துகொள்வது? அவர் நேராக மேனேஜர் ரூமுக்குப் போயிருக்கிறார். "சார், லால்குடி செல்வராஜ் வந்திருக்காருன்னு மைக்ல ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்று கேட்டிருக்கிறார்.

தங்கவேலுவிடம் போய் ஒரே ஒரு வார்த்தை! அவர், "எதுக்கு, என்ன விஷயம்?" என்று கேட்க, பாவம் இந்த மனிதர் வெற்றிலை எச்சியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்படியொரு விஷயம் கைக்குக் கிடைத்தால் எந்தப் பேச்சாளர் விடுவார்?

படம் நின்றது. லைட் எரிந்தது. கரகர.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! திரையில் தாங்கள் காணும் காதல் வெறும் நடிப்பு! இதோ, நம் அரங்கத்திலேயே ஓர் உண்மை வரலாறு நடந்துகொண்டிருக்கிறது!"

அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் ஒரு வாரம் எரிந்தது.

தங்கவேலு விடவில்லை. லால்குடி, உரக்கடை, மஞ்சள் சட்டை, நிச்சயதார்த்தம் — ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்து வைத்தார். "பெண்மணி அவர்கள், நீலச் சட்டை அணிந்து சோடா அருந்திக்கொண்டிருந்த வேறொரு ஆடவரைக் கண்டு மயங்கி..." என்று அவர் சொல்லும்போது பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் எழுந்து நின்றார். இடுப்பில் ஒரு குழந்தை.

"எந்த நீலச் சட்டைங்க? சுருட்ட முடியா?"

ஆண்கள் பக்கம் ஒரு சுருட்டை முடி நாற்காலிக்கு அடியில் மெதுவாக இறங்கியது.

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்!" என்றார் அந்த அம்மாள். பாவம், அந்த மனிதர் சோடாதான் குடித்தார்.

இதற்குள் தங்கவேலு செல்வராஜைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், நீளமான வயரோடு மைக்கையும் சேர்த்து. தியேட்டரில் ஒரே கூச்சல்.

"மாப்ள, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க!"

"கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்கப்பா!"

"பொண்ணு எங்கங்க? தூண் மறைக்குது!"

அவர் எல்லாப் பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாததால் தூணைப் பார்த்துக் கும்பிட்டார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பெண்மணி அவர்களே! தங்கள் முடிவு என்ன?" என்றார் தங்கவேலு.

அக்கா எழுந்தாள். அம்மா புடவையைப் பிடித்து இழுத்தாள். அக்கா உட்காரவில்லை.

"எல்லாரும் பேசிட்டீங்க. என்னைய ஏன் கட்டிக்கணும்னு நினைக்கிறாருன்னு அவரு வாயால சொல்லட்டும். கேட்டுட்டுச் சொல்றேன்."

கைதட்டல். விசில். பிறகு — ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மங்களவிலாஸில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

செல்வராஜ் மைக்கை வாங்கினார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார்.

ரயில் வந்தது.

சாதாரண ரயில் இல்லை. கூட்ஸ். அது போகிறது... போகிறது... போய்க்கொண்டே இருக்கிறது. அவர் நிறுத்தவே இல்லை. கையை ஆட்டி, நெஞ்சில் கை வைத்து, ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டுகூடப் பேசினார். நாங்கள் எல்லோரும் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தோம். ஒரு எழுத்து கேட்க வேண்டுமே! கடைசிப் பெட்டி கடந்து போனபோது, அவர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"ஒண்ணுமே கேக்கலீங்க!" என்றாள் அக்கா.

அவர் மைக்கை மறுபடி தூக்கினார்.

"அதெல்லாம் இன்னொரு தடவ சொல்ல எனக்குத் தைரியம் இல்லீங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த மனிதரும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் வேறு ஆள் மாதிரி இருந்தார். நன்றாகவே இருந்தார்.

"சரி" என்றாள் அக்கா. இந்தத் தடவை 'உங்க இஷ்டம்' இல்லை. நேரான 'சரி'.

தியேட்டர் அதிர்ந்தது. அப்பா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கதை விட்டுப் போச்சு, முதல்லேர்ந்து போடுங்கய்யா!" என்று யாரோ கத்த, தங்கவேலு படத்தை முதலிலிருந்து போட்டார். வாழ்க அவர்!

கல்யாணத்தில்தான் சிக்கல். முன்பின் தெரியாத ஜனம் கும்பல் கும்பலாக வந்தது. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த நான், "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடாங்க?" என்று கேட்டால், "நாங்க தியேட்டர்மா" என்றார்கள். கைதட்டியவர்கள், விசிலடித்தவர்கள், தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டாவது பந்தியிலேயே பாயசம் காலி. தங்கவேலு நாதஸ்வரக்காரரை நிறுத்திவிட்டு மைக் பிடித்து, வெகு நேரம் வாழ்த்தினார். முகூர்த்தம் தப்பிவிடும் என்று ஐயர் அவர் வேட்டியைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

மங்களவிலாஸ் அப்புறம் பல வருடம் ஓடியது. வீட்டுக்கு வீடு டி.வி. வந்தபிறகு கூட்டம் குறைந்தது. கொஞ்ச நாள் நெல் மூட்டை அடுக்கினார்கள். இடித்தார்கள். இப்போது ஏ.சி. போட்ட சூப்பர் மார்க்கெட். அங்கேயும் மைக் இருக்கிறது. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொல்வதில்லை. ரயிலும் இப்போதெல்லாம் ஏ.சி. சத்தத்தில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

பருப்பு வாங்கிய அன்று சாயங்காலம் அக்காவை அழைத்துப் போக அத்தான் லால்குடியிலிருந்து வந்திருந்தார். அதே மூக்குக் கண்ணாடிக்காரர்தான். இப்போது தலையில் முடி என்கிற பேச்சே இல்லை. காபி குடித்துக்கொண்டே பழைய கதையெல்லாம் பேசினோம்.

"ஏன் அத்தான், இவ்வளவு வருஷம் ஆச்சு. பேரன் பேத்தி எடுத்தாச்சு. இப்பவாவது சொல்லுங்களேன். அன்னைக்கு ரயில் போறப்ப என்னதான் சொன்னீங்க?"

"விடுடி" என்றாள் அக்கா, வெட்கத்தோடு. "அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். அத நினைச்சுக்கிட்டுத்தானே இத்தனை வருஷமா அந்த யூரியா வாசனையப் பொறுத்துக்கிட்டேன்."

அத்தான் காபி டம்ளரைக் கீழே வைத்தார். வயதாகிவிட்டால் மனிதர்களுக்கு உண்மை பேச வேண்டும் என்று ஒரு ஆசை வந்துவிடுகிறது. ஆபத்தான ஆசை.

"ஒண்ணுமே சொல்லலம்மா" என்றார். "மைக்கக் கையில வாங்குனதும் எல்லாம் மறந்து போச்சு. என்ன பண்றதுன்னு முழிச்சேன், நல்ல வேளையா ரயில் வந்துச்சு. அது போற வரைக்கும் வாய மட்டும் அசைச்சுக்கிட்டு நின்னேன்."

"கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்களே அத்தான்?"

"பூச்சி விழுந்துடுச்சும்மா."

அக்கா எழுந்தாள். பையை எடுத்தாள். ஆட்டோ பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், லால்குடி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

தனியாக.

அத்தான் இன்னும் எங்கள் வீட்டு ஹாலில்தான் இருக்கிறார். இன்று காலை, "இட்லிக்கு என்ன சட்னிம்மா?" என்று கேட்டார்... ரயில் எதுவும் வரவில்லை. நன்றாகவே காதில் விழுந்தது.